எத்தியோப்பிய எரிமலைக்கும் டெல்டா மழைக்கும் முடிச்சுப் போடலாமா?

கடைமடை (தலைஞாயிறு):

எல்லோருக்கும் வணக்கம். டிட்வா புயல் மழையில் எங்கள் பக்கம் சம்பா முழுவதும் தண்ணீருக்குள் கிடக்கிறது. எனக்கு ஐந்து ஏக்கர். அதில் பள்ளத்து வயல் இரண்டு ஏக்கர். அங்கே பயிரின் நுனிகூடத் தெரியவில்லை. நட்டு முப்பது நாள்தான் ஆகிறது. இன்றோடு நான்கு நாள், வடிகாலில் தண்ணீர் இறங்குவதாகக் காணோம்.

இதற்கு நடுவில் ஊர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு குரல் பதிவு சுற்றுகிறது. எத்தியோப்பியாவில் எரிமலை வெடித்ததாம், அந்தச் சாம்பல் மேகம்தான் புயலை இழுத்து வந்ததாம், பெய்தது அமில மழையாம், உடனே சுண்ணாம்பு போடாவிட்டால் மண் செத்துவிடுமாம். நேற்றே இரண்டு பேர் சுண்ணாம்பு மூட்டைக்குச் சொல்லிவிட்டார்கள். என் கையில் இருக்கும் காசு உரத்துக்கே பற்றாது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், இதில் எவ்வளவு உண்மை?

நீர்முள்ளி (திருத்துறைப்பூண்டி):

அண்ணே, எங்கள் குழுவிலும் அதே பதிவு வந்தது. டில்லியில் விமானமெல்லாம் நின்றது என்று செய்தியில் பார்த்தேன். அது பொய் இல்லையே? அதனால்தான் பலரும் நம்புகிறார்கள்.

வாத்தியார் (மன்னார்குடி):

தம்பி, முதலில் அந்தச் சுண்ணாம்பை நிறுத்தச் சொல்லுங்கள். அந்தக் காசுக்கு இரண்டு ஆள் வைத்து வடிகாலில் அடைத்துக் கிடக்கும் ஆகாயத்தாமரையை அள்ளுங்கள். பயிரைக் காப்பாற்றுவது அதுதான்.

முப்பது வருடம் புவியியல் நடத்தியவன் என்ற முறையில் விஷயத்தைச் சொல்கிறேன். எத்தியோப்பியாவின் அஃபார் பகுதியில் ஹேலி குப்பி எரிமலை வெடித்தது உண்மை. நவம்பர் 23, 2025, ஞாயிற்றுக்கிழமை. சாம்பல் ஏறக்குறைய 14 கிலோமீட்டர் உயரம் வரை போனது. மேலே வீசும் மேலைக்காற்று அதை அள்ளிக்கொண்டு ஏமன், ஓமன், அரபிக்கடல் வழியாக குஜராத், ராஜஸ்தான், டில்லி என்று இழுத்துப்போய், பிறகு சீனாவின் பக்கம் தள்ளிவிட்டது. விமான என்ஜினுக்குள் சாம்பல் போனால் உருகிக் கண்ணாடி மாதிரி ஒட்டிக்கொள்ளும். விமானங்களை நிறுத்தியது அதற்காக.

இப்போது தேதியைப் பாருங்கள். 24ஆம் தேதி இரவு டில்லிக்கு மேலே இருந்த சாம்பல் மறுநாளே நாட்டை விட்டுப் போய்விட்டது. நம் பக்கம் மழை வெளுத்தது அதற்கு மூன்று நான்கு நாள் கழித்து. சாம்பல் போன பாதையும் நமக்கு வடக்கே ஆயிரம் மைல் தள்ளி. புயலோ இலங்கைக்குப் பக்கத்தில், தென்மேற்கு வங்கக்கடலில் உருவானது. அதற்குத் தண்ணீர் கொடுத்தது கடல். கார்த்திகையில் அந்த இடத்தில் புயல் பிறப்பதற்கு எரிமலை எதுவும் வேண்டியதில்லை. ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை என்று நம் பாட்டன்மார் சொன்னது எந்த எரிமலையையும் பார்த்து இல்லை.

அமில மழை என்பதும் இங்கே பொருந்தாது. எரிமலைக்கு அருகில், அதன் புகையோடு கலந்து பெய்கிற மழையில் அமிலம் இருக்கும். நம் வயலில் நிற்பது வங்கக்கடல் தண்ணீர்.

கடைமடை (தலைஞாயிறு):

ரொம்ப நன்றி சார். சுண்ணாம்பு வாங்கப்போனவர்களிடம் இதைப் படித்துக் காட்டினேன். ஒருவர் நிறுத்திவிட்டார். இன்னொருவர் ஒரு கேள்வி கேட்டார், எனக்கும் பதில் தெரியவில்லை. எரிமலை வெடித்தால் உலகமே குளிர்ந்துபோகும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோமே, அது அப்போது பொய்யா? சாம்பல் இல்லை என்றால் வேறு எது குளிர வைக்கிறது?

வாத்தியார் (மன்னார்குடி):

நல்ல கேள்வி, அவருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். நீங்கள் படித்தது பொய் இல்லை. சாம்பலுக்குப் பதில் கந்தகம் என்று படித்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சாம்பல் என்பது பொடிந்த கல். கனமானது. சில நாளில், மிஞ்சினால் சில வாரத்தில் இறங்கிவிடும். ஆனால் எரிமலைக்குள்ளிருந்து கந்தக டை ஆக்சைடு வாயுவும் வருகிறது. அது மேலே போய் ஈரத்தோடு சேர்ந்து கந்தக அமிலத்தின் நுண்ணிய துளிகளாக மாறுகிறது. அந்தத் துளிகள் வெயிலைத் திருப்பி அனுப்புகின்றன. நாற்றங்காலுக்கு மேலே ஒரு பழைய மல் வேட்டியை விரித்துக் கட்டினால் எப்படி? இருட்டாகாது, ஆனால் வெயிலின் சூடு குறையும். அதே மாதிரி.

இதில் உயரம்தான் முக்கியம். நாம் இருக்கும் வெப்ப மண்டலத்தில் மழை மேகம் உருவாகும் அடுக்கு ஏறக்குறைய 16, 17 கிலோமீட்டர் வரை போகிறது. அதற்குள் எது இருந்தாலும் மழை கழுவிவிடும். அதைத் தாண்டி மேலே, அடுக்கு மண்டலத்துக்குள் கந்தகம் நுழைந்தால் அங்கே கழுவ மழை கிடையாது. ஒரு வருடம், இரண்டு வருடம் அங்கேயே நின்று உலகம் முழுவதும் பரவும். ஹேலி குப்பியின் புகை 14 கிலோமீட்டர் என்று சொன்னேன் அல்லவா, அது கீழ் அடுக்கிலேயே நின்றுவிட்டது. கந்தகமும் குறைவு.

1980இல் அமெரிக்காவில் செயின்ட் ஹெலன்ஸ் வெடித்தது. மலையின் ஒரு பக்கமே சரிந்து விழுந்த பெரிய வெடிப்பு, ஊரெல்லாம் சாம்பல். உலக வெப்பநிலையில் ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை, கந்தகம் குறைவு என்பதால். இரண்டே வருடம் கழித்து மெக்சிகோவில் எல் சிச்சோன் வெடித்தது. பேர்கூடப் பலருக்குத் தெரியாது. ஆனால் அது ஏறக்குறைய 70 லட்சம் டன் கந்தக டை ஆக்சைடை மேலே ஏற்றியது, அதன் விளைவு அளக்கும்படி இருந்தது. 1991 ஜூன் 15 அன்று பிலிப்பைன்ஸில் பினதுபோ வெடித்தபோது 150 முதல் 200 லட்சம் டன். புகை 35 கிலோமீட்டர் வரை ஏறியது. அடுத்த வருடம் உலகின் சராசரி வெப்பநிலை ஏறக்குறைய அரை டிகிரி செல்சியஸ் இறங்கியது.

அரை டிகிரி என்றால் நம் காதுக்குச் சின்னதாகப்படும். உலகம் முழுவதற்கும் சேர்த்த சராசரி அது. அந்த அரை டிகிரியின் பின்னால் எத்தனை மழை இடம் மாறியது என்பதுதான் விஷயம்.

உப்பளம் (வேதாரண்யம்):

பினதுபோ என்ற பேரைப் படித்ததும் எழுதத் தோன்றியது. 92ஆம் வருடம் மாசி, பங்குனியில் நான் பத்தாவது படித்துக்கொண்டிருந்தேன். அப்பாவோடு பாத்திக்குப் போவேன். உப்பு வாரி முடித்துக் கரையில் உட்கார்ந்தால் சூரியன் இறங்கி அரைமணி நேரம் ஆன பிறகும் மேற்கே வானம் அணையாது. முதலில் மஞ்சள், அப்புறம் செம்பருத்தி நிறம், அதற்கு மேலே ஒரு கத்தரிப்பூ நிறம். பாத்தித் தண்ணீரில் அந்த நிறம் அப்படியே கிடக்கும், உப்புக் குவியலே இளஞ்சிவப்பாகத் தெரியும். பகலிலும் சூரியனைச் சுற்றி வானம் நீலமாக இல்லாமல் பால் கலந்த மாதிரி வெளுத்திருக்கும். அப்பா அண்ணாந்து பார்த்துவிட்டு, "வெயில் இருக்கு, காட்டம் இல்லை" என்பார். அவர் சொன்னதன் காரணம் எனக்கு இன்றுதான் விளங்குகிறது. அவர் இப்போது இல்லை.

குடந்தை மழைமானி:

உப்பளம் ஐயா, நீங்கள் எழுதியதை மூன்று தடவை படித்தேன். பால் கலந்த வானம் என்பது துல்லியமான வார்த்தை. கந்தகத் துளிகள் ஒளியைச் சிதறடிப்பதால் வானம் வெளுக்கும், அந்தி நீளும். உங்கள் அப்பா கண்ணாலேயே அளந்திருக்கிறார்.

நான் வானிலை சார்ந்த முதுகலை மாணவி. வாத்தியார் ஐயா நிறுத்திய இடத்திலிருந்து கொஞ்சம் எழுதுகிறேன், ஏனென்றால் நம் டெல்டாவுக்கு உண்மையான கவலை அங்கேதான் தொடங்குகிறது.

வெயில் குறைந்தால் நிலம் சீக்கிரம் குளிரும், கடல் மெதுவாகத்தான் குளிரும். தென்மேற்குப் பருவக்காற்று வீசுவதற்குக் காரணமே கோடையில் நிலம் கடலைவிட அதிகமாகச் சூடேறுவதுதான். அந்த வித்தியாசம் குறைந்தால் காற்று இளைக்கும். கடலிலிருந்து ஆவியாகும் தண்ணீரும் குறையும். பினதுபோவுக்குப் பிறகு, 1991 அக்டோபர் முதல் 1992 செப்டம்பர் வரையிலான ஒரு வருடத்தில், உலக நிலப்பரப்பில் பெய்த மழையும் ஆறுகள் கடலுக்குக் கொண்டுபோன தண்ணீரும் வழக்கத்தைவிடத் தெளிவாகக் குறைந்தன என்பது பதிவாகியிருக்கிறது. 1783இல் ஐஸ்லாந்தில் லாக்கி எட்டு மாதம் கக்கியது, ஏறக்குறைய 12 கோடி டன் கந்தக டை ஆக்சைடு. ஐஸ்லாந்து மக்களில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் செத்தார்கள். அதே சமயம் எங்கோ இருக்கிற நைல் நதியில் வெள்ளம் வரவில்லை, எகிப்தில் பஞ்சம். நைலுக்குத் தண்ணீர் எத்தியோப்பிய மலைகளில் பெய்யும் பருவமழையிலிருந்து வருகிறது. வடக்கே ஐஸ்லாந்து, தெற்கே எகிப்து, நடுவில் அறுந்தது ஒரு பருவக்காற்று.

நைலுக்கு எத்தியோப்பிய மலை என்றால் நமக்குக் குடகு. தலைக்காவேரியிலும் ஹாரங்கி, ஹேமாவதி, கபினி நீர்ப்பிடிப்பிலும் ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்வதுதான் மேட்டூருக்கு வருகிறது. நம் ஊரில் அந்த மாதங்களில் மழை என்று பெரிதாகச் சொல்ல எதுவுமில்லை. அப்படியென்றால் ஒரு பெரிய எரிமலை நம்மைத் தொடுவது நம் வானத்தின் வழியாக இல்லை. குடகில் மழை குறைந்து, மேட்டூரில் 120 அடிக்கு ஏற வேண்டிய தண்ணீர் ஏறாமல் நின்று, கல்லணை தாண்டி முறை வைத்துத் திறந்து, கடைசியில் கடைமடை வாய்க்காலில் வெறும் சேறாக வந்து சேரும். சாம்பலை எதிர்பார்த்து வானத்தைப் பார்ப்பவர்கள் மடையைப் பார்க்க வேண்டும்.

கடைமடை (தலைஞாயிறு):

இப்படி யாரும் எனக்குச் சொன்னதில்லை அம்மா. 2012இல் ஜூன் 12க்குத் திறக்க வேண்டிய மேட்டூர் செப்டம்பர் 17க்குத்தான் திறந்தது. 2024இல் ஜூலை 28. இரண்டு வருடமும் எனக்குக் குறுவை கிடையாது. எரிமலை வெடிக்காமலேயே இந்த நிலை.

குடந்தை மழைமானி:

ஆமாம் அண்ணா, அந்த இரண்டு வருடங்களுக்கும் எரிமலை காரணமில்லை. மேட்டூரில் நேரத்துக்குத் தண்ணீர் இல்லாவிட்டால் நம் ஊரில் எப்படி இருக்கும் என்பதற்கு அவை உதாரணம், அவ்வளவே.

வடகிழக்குப் பருவமழை வேறு கணக்கு. பசிபிக் கடல் வழக்கத்துக்கு மேல் சூடேறும் எல் நினோ வருடங்களில் அது பெரும்பாலும் நமக்குக் கூடுதலாகவே பெய்யும். வெப்ப மண்டலத்தில் பெரிய எரிமலை வெடித்தால் அதைத் தொடர்ந்து எல் நினோ வரும் வாய்ப்பு கூடுகிறதா என்று ஆய்வாளர்களிடையே இன்னும் வாதம் நடக்கிறது. அதனால் எரிமலை வெடித்தால் சம்பாவுக்கு இப்படித்தான் என்று யாராவது அடித்துச் சொன்னால் நம்பாதீர்கள்.

சோழமண்டலம் (தஞ்சாவூர்):

நல்ல விவாதம். நம் வரலாற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தாது வருடப் பஞ்சத்துக்குக் காரணம் கிரகதோவா எரிமலை என்று ஒரு காணொளியில் பார்த்தேன். அதேபோல் 1257இல் இந்தோனேசியாவின் லொம்போக் தீவில் சமாலாஸ் வெடித்திருக்கிறது, கடந்த இரண்டாயிரம் ஆண்டுகளில் மிகப்பெரியவற்றில் ஒன்று. சோழப் பேரரசு முடிந்ததும் அந்த நூற்றாண்டில்தான். மழை பொய்த்து, விளைச்சல் போய், அரசு விழுந்தது என்று ஏன் சொல்லக்கூடாது?

வாத்தியார் (மன்னார்குடி):

ஐயா, தாது வருடம் 1876. பஞ்சம் 1878 வரை நீண்டது. கிரகதோவா வெடித்தது 1883 ஆகஸ்ட் 26, 27. பின்னால் வந்தது முன்னால் நடந்ததற்குக் காரணமாக முடியாது. தாது வருடப் பஞ்சத்தின் பின்னணியில் இருந்தது மிக வலுவான எல் நினோ. மக்கள் செத்துக்கொண்டிருக்கும்போது தானியத்தைக் கப்பல் ஏற்றிய ஆட்சியும் சேர்ந்து அதைக் கொலையாக்கியது. அந்தப் பழியை ஒரு மலையின் தலையில் ஏற்றிவிட்டால் செய்தவர்கள் தப்பித்துவிடுவார்கள். இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கிரகதோவா நம் கரையைத் தொட்ட விதம் வேறு. அது கிளப்பிய கடல் அலை நாகப்பட்டினம் துறைமுகத்தின் அலைமானியில் பதிவானது, சென்னையிலும் பதிவானது. 36,000 பேரைக் கொன்ற அலையின் கடைசி மூச்சு நம் கரையில் ஒரு சிறிய ஏற்ற இறக்கமாக வந்து போனது. 2004ஐப் பார்த்த நாகப்பட்டினத்துக்காரர்களுக்கு இதைப் படிக்கும்போது என்ன தோன்றும் என்று எனக்குத் தெரியும். அடுத்து, செப்டம்பர் இரண்டாவது வாரம் சென்னையிலும் இலங்கையிலும் சூரியன் பச்சையாகவும் நீலமாகவும் தெரிந்தது. பார்த்தவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள்.

சமாலாஸ் பற்றி நீங்கள் சொன்ன வருடம் சரி. ஆனால் சடையவர்மன் சுந்தரபாண்டியன் 1251இல் பட்டத்துக்கு வந்து சோழரை அடக்கத் தொடங்கியாகிவிட்டது. அதற்கும் முன்பே, மூன்றாம் ராஜராஜன் காலத்திலேயே அரசு தள்ளாடியது. மூன்றாம் ராஜேந்திரன் 1279 வரை பேருக்கு இருந்தார். எரிமலையைக் கொண்டுவந்து நடுவில் வைக்க இடமே இல்லை.

உங்களுக்கு வரலாறு வேண்டும் என்றால் 1815ஐ எடுங்கள். தஞ்சையில் சரபோஜி மன்னர் இருந்த காலம். ஏப்ரலில் இந்தோனேசியாவின் சும்பாவா தீவில் தம்போரா வெடித்தது. மறு வருடம் அமெரிக்காவின் வடகிழக்கில் ஜூன் மாதம் பனி பெய்தது, ஐரோப்பாவில் கோதுமை அழுகியது. இதை எல்லோரும் சொல்வார்கள். நெல் விவசாயி கேட்க வேண்டியது யுனான் கதை. சீனாவின் தென்மேற்கில் இருக்கிற அந்தப் பகுதியில் நெல் பூக்கும் நேரத்தில் குளிர் அடித்துப் பால் பிடிக்காமல் பதராகப் போனது. ஒரு வருடம் அல்ல, 1815 முதல் 1817 வரை. கதிர் நிமிர்ந்து நிற்கும், கையில் பிடித்தால் கனமிருக்காது. நம்மில் யாருக்கு அது தெரியாது?

சோழமண்டலம் (தஞ்சாவூர்):

திருத்தத்துக்கு நன்றி ஐயா. தேதியைச் சரிபார்க்காமல் எழுதியது என் தவறு. காணொளியைப் பகிர்ந்த இடங்களில் திருத்திவிடுகிறேன். யுனான் பற்றி இதுவரை கேள்விப்பட்டதே இல்லை.

நீர்முள்ளி (திருத்துறைப்பூண்டி):

எனக்கு இரண்டு சந்தேகம். 2022 ஜனவரியில் டோங்காவில் கடலுக்கடியில் வெடித்ததே, அது எவ்வளவு குளிரவைத்தது? இன்னொன்று, கந்தகம்தான் குளிர வைக்கிறது என்றால் விமானத்தில் கொண்டுபோய் நாமே மேலே தூவலாமே? வருடத்துக்கு வருடம் வெயில் தாங்க முடியவில்லை.

குடந்தை மழைமானி:

டோங்கா வித்தியாசமான கதை. புகை 57 கிலோமீட்டர் ஏறியது. ஆனால் கந்தகம் ஐந்து லட்சம் டன் அளவுதான். அதற்குப் பதில் ஏறக்குறைய 15 கோடி டன் நீராவியைக் கடலிலிருந்து அடுக்கு மண்டலத்துக்கு அனுப்பியது. அங்கே வழக்கமாக இருக்கும் நீராவியில் பத்தில் ஒரு பங்கு ஒரே நாளில் கூடிவிட்டது. கந்தகம் குறைவு என்பதால் பினதுபோ மாதிரியான குளிர்ச்சி வரவில்லை.

கந்தகம் தூவும் யோசனையை உலகில் சிலர் தீவிரமாகவே பேசுகிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை, காரணத்தைச் சொல்கிறேன். 2018இல் வெளியான ஓர் ஆய்வு, எல் சிச்சோனுக்கும் பினதுபோவுக்கும் பிறகு பல நாடுகளில் நெல், கோதுமை, மக்காச்சோளம், சோயா விளைச்சல் எப்படி இருந்தது என்று பார்த்தது. அதை வைத்துப் போட்ட கணக்கின்படி, கந்தகம் தூவினால் சூடு குறைவதால் பயிருக்குக் கிடைக்கும் நன்மையை வெயில் குறைவதால் வரும் நஷ்டம் தின்றுவிடும். இது விளைச்சல் கணக்கு மட்டும். பருவக்காற்றும் சேர்ந்து இளைத்தால்? குடகில் மழை குறைந்தால் அந்த வருடம் கர்நாடகத்தோடு நமக்கு நடக்கும் தண்ணீர்த் தகராறு எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. எங்கோ ஒரு நாடு தன் வெயிலைத் தணிக்கத் தூவும், அதன் விலையைத் தலைஞாயிற்றில் ஒருவர் கொடுப்பார். அவரை யார் கேட்டுவிட்டுத் தூவப்போகிறார்கள்? அத்தோடு, தொடங்கிவிட்டு நடுவில் நிறுத்தினால் அதுவரை அடக்கி வைத்திருந்த சூடு சில வருடங்களுக்குள் மொத்தமாக ஏறிவிடும்.

உப்பளம் (வேதாரண்யம்):

தங்கச்சி சொல்வது உப்புக்கும் பொருந்தும். காட்டமில்லாத வெயிலில் பாத்தி விளைய நாள் கூடும். 92இல் அப்பா ஒரு வாரிக்கும் அடுத்த வாரிக்கும் இடையில் இரண்டு மூன்று நாள் அதிகம் காத்திருந்தார். கூலி ஆட்களுக்கு அந்த இரண்டு மூன்று நாள் சோறு.

கடைமடை (தலைஞாயிறு):

சார், அம்மா, ஒரு கடைசிக் கேள்வி. நாளைக்கு உண்மையிலேயே பெரிதாக ஒன்று வெடித்தால் எங்களைப் போன்றவர்கள் செய்தியில் எதைக் கவனிக்க வேண்டும்? எத்தனை பேர் செத்தார்கள், எத்தனை விமானம் நின்றது என்றுதான் டிவியில் சொல்வார்கள்.

வாத்தியார் (மன்னார்குடி):

எங்கே வெடித்தது என்று முதலில் பாருங்கள். இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், மெக்சிகோ மாதிரி வெப்ப மண்டலமாக இருந்தால் கந்தகம் பூமியின் இரண்டு பக்கமும் பரவும். புகை 20 கிலோமீட்டரைத் தாண்டியதா என்று கேளுங்கள். அப்புறம் கந்தக டை ஆக்சைடு எத்தனை லட்சம் டன் என்பது. செயற்கைக்கோள்கள் சில நாளிலேயே அளந்து சொல்லிவிடும். ஓரிரண்டு லட்சம் டன் என்றால் உங்கள் வேலையைப் பாருங்கள். நூறு லட்சம் டன்னைத் தாண்டினால் அடுத்த வருடம் குறுவைக்கு முழு நிலத்தையும் நம்பி இறங்காமல், ஜூன், ஜூலையில் குடகில் என்ன பெய்கிறது, மேட்டூருக்கு வினாடிக்கு எத்தனை கன அடி வருகிறது என்று பார்த்து நாற்று விடுங்கள். அவசரமாக முடிவெடுக்கத் தேவையில்லை. எரிமலை நமக்கு மாதக்கணக்கில் அவகாசம் தரும். புயல் அதைத் தராது.

பள்ள வயல் எப்படி இருக்கிறது?

கடைமடை (தலைஞாயிறு):

நேற்று பத்து பேர் சேர்ந்து வடிகாலில் இறங்கினோம். சுண்ணாம்புக்குச் சொன்னவரும் வந்தார், அந்தக் காசில்தான் எல்லோருக்கும் டீயும் சாப்பாடும். ஆகாயத்தாமரை பாலத்துக்கடியில் மெத்தை மாதிரி அடைத்திருந்தது, அரிவாளால் அறுத்து அறுத்து எடுத்தோம். சாயங்காலம் தண்ணீர் ஒரு சாண் இறங்கியது, இன்று காலை இன்னொரு சாண்.

இரண்டு ஏக்கரில் பாதி பிழைக்கும். மீதி அழுகிவிட்டது, இழுத்தால் தாள் கையோடு வருகிறது, நாற்றம். புதிதாக நாற்று விட நாள் இல்லை. மேட்டு வயலில் நன்றாகத் தூர் கட்டியிருக்கிறது. அதைப் பிரித்து எடுத்துப் பள்ளத்தில் ஊன்றலாம் என்று அப்பா சொல்கிறார். தண்ணீர் கணுக்காலுக்கு வந்ததும் நாளை மறுநாள் ஆள் கூப்பிடுகிறேன்.